ஒன்பதாவது கேள்வி

இதைப் படிக்கிற உங்களுக்கும் இந்நேரம் வெள்ளெழுத்து வந்திருக்கும். மாத்திரை அட்டையைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் படிக்கிற வயது நமக்கு. ஹைதராபாத்தில், லோத்குண்டாவிலோ மல்காஜ்கிரியிலோ, வீட்டுக்குள் தமிழும் வாசலில் தெலுங்கும் ஆட்டோவில் ஹிந்தியுமாக வளர்ந்த பிள்ளைகள் நாம். அம்மா தமிழில் கூப்பிட்டால் "ஹவ், வஸ்துன்னா" என்று, 'ஆமா, வர்றேன்' என்பதை ஒரே மூச்சில் இரண்டு மொழியில் சொல்லிவிட்டு, போகாமலே இருந்தவர்கள். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களிடம் சொன்னால், "அதெப்படி, பதினாறு வயசுப் பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது?" என்பார்கள். தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஊரே ஓர் இடத்தில் உட்காராத காலம் அது. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பிள்ளை அமெரிக்காவில் இருந்தான். இல்லாவிட்டால் அமெரிக்காவுக்குப் போக அமீர்பேட்டையில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். மின்கம்பம், காம்பவுண்டுச் சுவர், ஆட்டோவின் முதுகு, எங்கே பார்த்தாலும் வேலை உத்தரவாத நோட்டீஸ். தெருவைத் தோண்டிக் கேபிள் போட்டு மூடுவார்கள். அடுத்த வாரம் இன்னொருத்தர் வந்து தோண்டுவார். எனக்கும் அந்த வருஷம் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டுதான் போவேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்தத் தவிப்பில்தான் பத்தாவது முடித்ததும் எம்.பி.சி. எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன். கணக்கும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் படிக்காத பிள்ளை அன்றைக்கு ஹைதராபாத்தில் பிள்ளையே இல்லை. அப்பா பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் மேற்பார்வையாளர். அவர் நண்பர்களிடம் என் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"மொத டெர்ம் பார்ப்பேன். இந்த ஹ்யூமானிடீஸால ஒரு தொந்தரவு வந்துச்சுன்னு வையி, தூக்கிட்டுப் போய் ஹாஸ்டல் காலேஜ்ல போட்டுருவேன்."

ஹாஸ்டல் காலேஜ் என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு வலை, உள்ளே விடிவதற்கு முன்பே ஃபார்முலா ஒப்பிக்கிற சத்தம். என் மாமா பையன் அதில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து மூன்று மாதம் யாரிடமும் பேசவில்லை. அந்தப் பயம் இந்தக் கதை முழுக்க எனக்குள் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா, தபால் ஆபீஸுக்குப் போகிற அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி ஒன்பதாவது மாதத்தில், "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று மெரூன் நிற ரெக்ஸின் பெட்டி ஒன்றோடு திருச்சியிலிருந்து வந்து இறங்கினாளாம். அப்போது எனக்கு ஐந்து வயது. பத்து நாள் பதினொரு வருஷமாகிவிட்டது. அங்கே என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவளுடைய புடவைகள் கடைசிவரை அதற்குள்ளேதான் இருந்தன. அலமாரிக்கு வரவே இல்லை. அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கிழவி என்று நினைத்திருந்தேன். இன்று எனக்கு அதைவிட வயது கூட.

சமையலறை அத்தையுடையது. பால் பாக்கெட் வந்து விழும் சத்தத்தில் எழுந்தால், நாங்கள் மூன்று பேரும் டிபன் பாக்ஸோடு வெளியேறும்வரை அவள் கை நிற்காது. ருசியான கை. அப்பா ஒவ்வொரு வாய்க்கும் தலையாட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எப்போதாவது ஒரு கறி செய்யலாம் என்று உள்ளே வருவாள். "உப்பு எங்க?" என்று கேட்பாள். அத்தை உப்பு டப்பாவைக் கொடுக்க மாட்டாள். தானே ஸ்பூனில் எடுத்து, அளந்து, வாணலியில் போட்டுவிடுவாள். அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்து தையல் மெஷினில் உட்கார்ந்துகொள்வாள். இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதே ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தைக்கு இன்னொரு பழக்கம் உண்டு. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது அவளுடைய பத்து விரல்களும் சமையல் மேடையில் தட்டிக்கொண்டிருக்கும். திருச்சியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். "என்ன டைப் பண்றே?" என்று ஒருநாள் கேட்டேன். "கத்திரிக்காய் முத்தல், நாளைலேருந்து அந்த வண்டிக்காரன்கிட்ட வாங்கக் கூடாதுன்னு" என்றாள்.

அந்த வருஷம் ஜூலையிலோ ஆகஸ்டிலோ பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டுக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை. நல்ல ஆங்கிலமும் வேகமான விரலும் இருந்தால் போதும், பயிற்சி அவர்களே கொடுப்பார்கள். அத்தை அதை வெட்டி எடுத்து, அப்பா காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து நீட்டினாள்.

அப்பா படித்தார். "என் ஆபீஸ் மெடிக்கல் கார்டுல உன் பேரு டிபென்டன்ட்னு இருக்கும்மா. நீ வேலைக்குப் போனா பேரை எடுத்துருவாங்க. நாளைக்கு ஒரு காய்ச்சல் கீய்ச்சல்னா என்ன பண்ணுவே?"

"காய்ச்சல் வரும்னு வேலைக்குப் போகாம இருக்கணுமா அண்ணே?"

அப்பா சிரித்துவிட்டார். "உனக்கு இங்க என்ன கொறை? இது உன் வீடு."

அத்தை அந்தத் துண்டை நாலாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். அப்பா கெட்டவர் இல்லை. தங்கையைக் கண்கலங்காமல் வைத்திருக்கிறோம் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். அவர் நம்பிக்கையில் பாதி நியாயமும் இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைப் படுத்துகிறது.

எங்கள் பள்ளி மாரெட்பள்ளியில். பதினொன்றாம் வகுப்பு ஹ்யூமானிடீஸில் மொத்தமே பதினொரு பேர். கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு அறை. அழுகிய முட்டை வாசனையில்தான் மனித உரிமை படித்தோம். பொலிட்டிக்கல் சயின்ஸ் மிஸ் ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே, "உங்களில் யாருக்காவது உரிமை பறிபோயிருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் எழுந்து, "எங்க பி.டி. பீரியடை மேத்ஸ் சார் எடுத்துக்கிட்டார், மேம்" என்றான். சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை. "எழுதிக்கொள். அதிலிருந்துதான் தொடங்கும்" என்றார்.

எனக்கு அந்த வகுப்பு பிடித்துப்போயிற்று. ஓய்வெடுக்கும் உரிமை, விரும்பிய வேலையைத் தேடும் உரிமை, போக வர உரிமை என்று பஸ்ஸில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்வேன். உலகத்தில் அநியாயம் எங்கே கிடைக்கும், போய்ப் பிடித்துவிடலாம் என்று ஒரே பரபரப்பு. நம்மில் பாதிப் பேர் அந்த வயதில் அப்படித்தான் திரிந்தோம். மீதிப் பேர் ஜாவா படித்தார்கள்.

அக்டோபரில் மிஸ் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஸ்டென்சில் அடித்தது; மை விரலில் ஒட்டி டிபன் பாக்ஸ் சப்பாத்தியிலும் வந்தது. வீட்டு வேலை செய்பவர் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும். பத்துக் கேள்விகள், ஆங்கிலத்தில். கேள்விகளை அவருடைய தாய்மொழியில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். டிசம்பரில் கண்காட்சி, நன்றாகச் செய்தவருக்குப் பரிசு.

எல்லார் வீட்டிலும் வேலைக்கு ஆள் வருவார்கள். எங்கள் வீட்டில் வருவதில்லை. பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் புலம்பினேன்.

"டென்ஷன் கைக்கு?" என்றாள் அவள். எதற்குக் கவலை என்று அர்த்தம். பிறகு ஒரு நிமிஷம் யோசித்து, "அப்போ உங்க வீட்ல வேலையெல்லாம் யார் செய்யறா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

எனக்குள் ஏதோ பளிச்சென்று எரிந்தது. உண்மையைச் சொன்னால், அத்தைக்காக எனக்குத் துக்கம் வரவில்லை. பரிசு எனக்குத்தான் என்று சந்தோஷம் வந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் அத்தை சமையலறைத் தரையில் பேப்பர் விரித்துக் கோங்குரா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மா கூடத்தில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அப்பா தூக்கம். நான் தாளோடு போய் எதிரில் உட்கார்ந்தேன். "ஸ்கூல் ப்ராஜெக்ட் அத்தை, கேட்கறேன், பதில் சொல்லணும்" என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னேன். "கேளு, கேளு" என்றாள். பேட்டி என்றதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"காலைல எத்தனை மணிக்கு எழுந்துப்பே?"

"பால்காரன் எழுப்பற மணிக்கு."

"வாரத்துல லீவு உண்டா?"

"மாசத்துல மூணு நாள் உண்டே. அதுவும் சாமிகிட்ட மட்டுந்தான். அடுப்புகிட்ட கெடையாது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

உன் பொருளை வைத்துப் பூட்ட இடம் உண்டா என்று கேட்டேன். "பெட்டிக்குப் பூட்டு இருக்கு. சாவியை நீதான் ரெண்டாங்கிளாஸ்ல தொலைச்சே" என்றாள். யாரையும் கேட்காமல் வெளியே போகலாமா என்றதற்கு, "போகலாம். ஆனா எங்கே போறது?" என்றாள். நான் பரபரவென்று எழுதினேன். அவளுக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். பதினொரு வருஷத்தில் அவளைப் பற்றி அவளிடமே யாரும் அத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்பதாவது கேள்வி: இந்த வீட்டில் அவருக்கு என்னென்ன உரிமைகள் இருக்கின்றன? தாளில் இருந்தது ஆங்கிலம். 'ரைட்ஸ்' என்றே கேட்டிருக்கலாம். 'ஹக்கு' என்று தெலுங்கில் கேட்டிருந்தால்கூடப் புரிந்திருக்கும். ஆனால் தாய்மொழியில் கேட்கச் சொல்லியிருந்தார்களே! அதற்காக முதல் நாளே அப்பாவின் பழைய அகராதியை எடுத்து, தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்து, அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று கேட்டேன்.

"அத்தை, உனக்கு இந்த வீட்டுல என்ன உரிமை இருக்கு?"

இப்போது உங்களுக்குச் சுரீர் என்கிறதல்லவா? எனக்கு அன்று ஒன்றும் இல்லை. பேனாவைத் திறந்து பிடித்தபடி பதிலுக்குக் காத்திருந்தேன்.

அத்தையின் விரல்கள் கீரைக் காம்பில் நின்றன. கூடத்தில் தையல் மெஷின் நின்றது. வெளியே தெரு தோண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அத்தை கூடத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கீரையை அப்படியே வாரி எடுத்து, "அப்புறம் சொல்றேன்" என்று எழுந்தாள். குழாயடியில் அந்தக் கீரையை மூன்று தடவை கழுவினாள். நான் தாளில் 'கேள்வி 9: பிறகு' என்று ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அன்றைய கோங்குரா துவையலில் உப்பே இல்லை. "என்ன இன்னிக்கு?" என்றார் அப்பா.

அந்த வாரம் அத்தை இரண்டு நாள் காலையில் கோயிலுக்கு என்று கிளம்பிப் போய் மத்தியானம் திரும்பினாள். சனிக்கிழமை அப்பா வந்ததும் சொன்னாள். அந்த டைப்பிங் வேலை கிடைத்துவிட்டது. மாரெட்பள்ளியில் பெண்கள் ஹாஸ்டலில் இடமும் பார்த்துவிட்டாள். நான் உள்ளறையில் கதவோரம் நின்றேன்.

"எதுக்கு? என்ன ஆச்சு உனக்கு?" அப்பாவின் குரல் உடைந்திருந்தது.

"ஒண்ணும் ஆகலே அண்ணே. பாப்பா ஒரு கேள்வி கேட்டுச்சு. இந்த வீட்டுல உனக்கு என்ன உரிமை இருக்குன்னு. யோசிச்சுப் பார்த்தேன். பதில் தெரியலே."

அத்தை கோபமாகப் பேசியிருந்தால் அப்பா சமாதானம் செய்திருப்பார். அவள் அதை வெறுமனே தகவலாகச் சொன்னாள். அப்பா அப்படியே திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"தமிழ்ல நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசத் தெரியாத புள்ள. இந்த வார்த்தை அதுக்கு எங்கேருந்து வரும்? இது பெரியவங்க வார்த்தை. யாரு சொல்லிக் குடுத்தா?"

என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். "யாரு சொல்லிக் குடுத்தா, சொல்லு." தாள் என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஹ்யூமானிடீஸால் வந்த தொந்தரவு என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் கம்பியும் வலையும் கண்முன் வந்தன. அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

"எவரூ லேரு, டாடி" என்றேன். யாருமில்லை என்று தெலுங்கில். பயம் வந்தால் எனக்குத் தெலுங்குதான் வரும். அப்பா அதை, அம்மாவைக் காப்பாற்றச் சொல்கிற பொய் என்று எடுத்துக்கொண்டார். பதினொரு வருஷம் உழைத்த பெண்ணைப் பிள்ளை வாயால் விரட்டினாயா என்று அம்மாவிடம் கேட்டார். அப்போதும் அம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

மறுநாள் காலை மெரூன் பெட்டி ஆட்டோவில் போயிற்று. பூட்டாத பெட்டி என்பதால் புடவைக் கிழிசலால் கட்டியிருந்தாள். என் தலையைத் தடவவில்லை, திட்டவும் இல்லை.

இரண்டு வாரம் அந்த வீட்டில் இருந்ததை எப்படிச் சொல்ல? அம்மா நாலரை மணிக்கு எழுந்து சமைத்து, எங்களை அனுப்பி, பஸ் பிடித்து ஓடுவாள். சாதம் குழையும், இல்லாவிட்டால் விதை விதையாக நிற்கும். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். திருச்சியிலிருந்து பெரியப்பா போன் செய்தால், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அப்பா, "எல்லாம் நம்ம வீட்டம்மா வாயாலதான்" என்பார். நான் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவேன். நின்றால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் ஓடத் தோன்றும்.

கடைசியில் ஒருநாள் பள்ளி விட்டதும் தாளை எடுத்துக்கொண்டு அத்தையின் ஹாஸ்டலுக்கே போனேன். நாலு கட்டில் போட்ட அறை, நாப்தலின் வாசனை. ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு சின்ன இரும்பு அலமாரி. அத்தை அன்று ஷிஃப்ட் முடித்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்; ஹெட்போன் அழுத்தி இரண்டு காதும் சிவந்திருந்தன. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சாவி.

தாளை நீட்டினேன். ஒன்றிலிருந்து எட்டுவரை படித்தாள். ஒன்பதுக்கு வந்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பக்கத்துக் கட்டில் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! இதுவும் தாள்ல இருந்த கேள்விதானா, நடுவுல நீயா கேட்டேன்னுல்ல நெனச்சேன்! உனக்கு என்னென்ன உரிமைகள் இருக்குன்னு கேட்டிருக்கணும்டி. என்ன உரிமை இருக்குன்னு கேட்டா அது கேள்வியே இல்லே. திட்டு! வெளிய போடின்னு சொல்றதுக்கு முன்னாடி சொல்ற திட்டு!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் தமிழில் ஒரு 'கள்' விட்டுப்போயிருந்தது. ஒரு 'என்ன' குறைந்திருந்தது. நான் அங்கேயே அழுதேன். "வா அத்தை, இப்பவே போய் அப்பாகிட்ட சொல்லிடலாம். ஹாஸ்டல் காலேஜ்ல போட்டாலும் பரவாயில்லே" என்றேன். அதைச் சொன்ன நிமிஷத்தில் நான் பொய் சொல்லவில்லை.

அத்தை சிரிப்பதை நிறுத்தினாள். சாவியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதே" என்றாள்.

"அம்மாவை எல்லாரும் திட்டறாங்க அத்தை."

"தெரியும்." தாளை மடித்து என் கையில் வைத்தாள். "புள்ளை தெரியாம கேட்டுச்சுன்னா, அண்ணன் நாளைக்கே ஆட்டோ எடுத்துட்டு வந்துடுவாரு. அவர் கூப்பிட்டா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. எனக்கு அந்தப் பலம் இன்னும் வரலே. கொஞ்ச நாள் போகட்டும். நான் காலை ஊணிக்கறேன். அப்புறம் நானே சொல்றேன்."

என் வயதுக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள். மிஸ் கொடுத்த பட்டியலில் எல்லா உரிமைக்கும் எண் இருந்தது. ஒருத்தி வேலைக்குப் போவதற்கு இன்னொருத்தி செய்யாத குற்றத்தைச் சுமக்கவேண்டும் என்றால் எந்த எண்ணைப் பார்ப்பது என்று அதில் இல்லை. மிஸ்ஸிடம் கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. ஹாஸ்டல் காலேஜுக்குப் போகவேண்டியதில்லை என்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். முதலில் பயத்தால் மூடிய வாயை இப்போது அத்தைக்காக மூடியிருப்பதாகச் சொல்லிக்கொள்ள ஒரு வசதி கிடைத்தது.

டிசம்பர் கண்காட்சியில் என் அட்டைக்குத்தான் முதல் பரிசு. வீட்டு வேலை செய்பவர், வயது முப்பத்தாறு, பெயர் கிடையாது. ஒன்பதாவது கேள்விக்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று கோடு மட்டும் போட்டுக் காலியாக விட்டிருந்தேன். அந்தக் காலி இடத்தைத்தான் நடுவர்கள் புகழ்ந்தார்கள். எத்தனை ஆழமான சிந்தனை என்றார் பிரின்ஸிபால்.

அம்மா அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். அப்பா வரவில்லை. அம்மா என் அட்டைக்கு எதிரில் நின்று மேலிருந்து கீழே படித்தாள். தபால் ஆபீஸ்காரி, ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்பதாவது கேள்வியில் அவள் கண் நின்றதை நான் பார்த்தேன். அவ்வளவுதான், இன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொல்லிவிடுவாள், தன் பெயரைத் துடைத்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். பயமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

"கையெழுத்து நல்லா இருக்கு" என்றாள். போகும்போது பஸ் நிறுத்தத்தில் எனக்கு மிர்ச்சி பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். அப்பாவிடம் சொல்லவே இல்லை.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? அத்தை காலை ஊன்றிக்கொண்டாள். பிறகு சின்ன டீமுக்குத் தலைவியானாள், ஹாஸ்டலை விட்டாள், மல்காஜ்கிரியில் ஒரு படுக்கையறை வீடு வாங்கினாள். பண்டிகைக்கு வருவாள். அப்பா தங்கையை உட்காரவைத்துப் பரிமாறச் சொல்வார். அம்மா பரிமாறுவாள். சொந்தக்காரர்கள் நடுவில் அம்மா, நாத்தனாரை விரட்டியவள் என்றே நிலைத்துவிட்டாள். ஒவ்வொரு பண்டிகையிலும் நான் அத்தையைப் பார்ப்பேன், அத்தை அப்பளத்தைப் பார்ப்பாள். நான் மட்டும் அந்த அவமானத்தில் தமிழ் படித்தேன். வாரப் பத்திரிகை, சினிமா போஸ்டர், மளிகைக்கடை காலண்டர், எது கிடைத்தாலும். இந்த எழுத்தெல்லாம் அப்படி வந்ததுதான்.

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. கடைசிவரை அவருக்குத் தெரியாது. அம்மா என்னோடு இருக்கிறாள். சரியாகச் சொன்னால் நான்தான் அம்மாவோடு இருக்கிறேன். போன மாதம் அப்பாவின் இரும்பு பீரோவைக் காலி செய்தபோது பழைய மெடிக்கல் கார்டு அகப்பட்டது. நாலு புகைப்படம். அத்தையின் முகத்துக்குக் குறுக்கே சிவப்பு மையில் கோடு. என்னால் உட்கார முடியவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தாள், அகராதி, ஹாஸ்டல் காலேஜ் பயம், அத்தை சொல்லாதே என்றது. "இருபத்தஞ்சு வருஷமா என் தப்பை நீ சுமந்துட்டிருக்கேம்மா. அன்னிக்கே கண்காட்சியில படிச்சியே. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்காகவா சும்மா இருந்தே?"

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"உனக்காகன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா அது பொய். நீ அன்னிக்கு அவகிட்ட கேட்டப்ப நான் மெஷினை ஏன் நிறுத்தினேன் தெரியுமா? என் வாயில இருந்த வார்த்தை உன் வாயில எப்படி வந்துச்சுன்னு."

நான் புரியாமல் பார்த்தேன்.

"தினம் கேட்பேன்டி. மனசுக்குள்ள. உப்பை அவ ஸ்பூன்ல எடுத்துப் போடறப்பல்லாம் கேட்பேன். உனக்கு இந்த வீட்டுல என்ன உரிமை இருக்கு? உனக்கு இந்த வீட்டுல என்ன உரிமை இருக்கு? அவ உழைப்புலதான் நான் வேலைக்கே போயிட்டிருந்தேன். அது தெரிஞ்சும் கேட்பேன். நீதான் சொல்லிக் குடுத்தேன்னு உங்கப்பா சொன்னப்ப, இல்லேன்னு எந்த வாயால சொல்றது? அவ போன மறுநாள் விடியக்காலைல உப்பு டப்பாவைத் தேடி எடுத்து, என் கைக்கு எட்டற எடத்துல வெச்சேன். அழுகையா வந்துச்சு. சந்தோஷமாவும் இருந்துச்சு. அதைப் போய் யாருகிட்ட சொல்றது?"

குக்கர் விசில் அடித்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். நான் கார்டோடு அதன் வாசற்படியிலேயே நின்றேன். உள்ளே போகவில்லை.